மருந்துக்குத் தப்பும் வேர்: இரத்தப் புற்றுநோயும் எலும்பு மஜ்ஜையும் – ஒரு வரலாற்றுப் பார்வை



நிபோங் திபாலை அடுத்த பைராம் தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பத்தைப் பல ஆண்டுகளாக அறிவேன். அக்குடும்பத்துப் பெண் குழந்தை என்னிடம் மூன்றாம் ஆண்டில் பயின்றவள். கணக்கில் கெட்டிக்காரி. ஒரு பருவத்தில் அவளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கால் வலிக்கிறது என்று திடல் பக்கமே போகாமல் இருந்தாள். அடிபடாமலே கை கால்களில் நீலம் பாய்ந்த தடங்கள் தோன்றின. இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது இரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் இதுவேயாம்.

பாலத்தைக் கடந்து ஜோர்ஜ்டவுனில் சிகிச்சை தொடங்கியது. ஏறத்தாழ ஐந்து வாரங்களில் மருத்துவர் நல்ல செய்தி சொன்னார். இரத்தத்தில் நோயணுக்கள் இல்லை. எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தபோதும் நோய் தென்படவில்லை. குடும்பத்தார் தோட்டத்துக் கோயிலில் பொங்கல் வைத்தனர். ஆனால், அதே மருத்துவர் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருந்து தொடரும் என்றும் கூறிவிட்டார்.

குழந்தையின் பாட்டி பள்ளிக்கு வந்து என்னிடம் கேட்டார்: “வாத்தியாரே, ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு ரெண்டு வருசம் மருந்து? புள்ள முடியெல்லாம் கொட்டிப்போச்சு. சோறு எறங்க மாட்டேங்குது. அவ அம்மாவுக்கு வாரா வாரம் வேலை போகுது. நிறுத்திட்டா என்ன?”

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன், மருத்துவன் அல்லன். அன்று என்னால் “மருத்துவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும், பாட்டி” என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அது விடையன்று என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பின்னர் பல நாள் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. நம் பள்ளிகளில் இதே கேள்வியோடு நிற்கும் வேறு குடும்பங்களுக்கும் இது பயன்படக்கூடும்.

வெள்ளை இரத்தம்

இந்நோயின் வரலாறு 1845ஆம் ஆண்டில் தொடங்குகிறது. எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னெட், பெர்லினில் ருடால்ஃப் விர்ஹோ ஆகிய இருவரும் தனித்தனியே இறந்தோரின் உடலில் ஒரு விந்தையைக் கண்டனர். இரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன. விர்ஹோ 1847இல் இதற்கு ‘லியூக்கேமியா’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘வெள்ளை இரத்தம்’ என்பது அதன் பொருள்.

அந்த வெள்ளணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அப்போது விளங்கவில்லை. இரத்தம் உடலில் எங்கே உண்டாகிறது என்பதே தெரியாத காலம் அது. 1868இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்து மருத்துவர் எர்ன்ஸ்ட் நியூமன், எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையே வாழ்நாள் முழுவதும் இரத்தத்தை உற்பத்தி செய்கிறது என்று அறிவித்தார். ஈராண்டு கழித்து, இந்நோயால் இறந்த ஒருவரின் மஜ்ஜை தன் இயல்பான செந்நிறத்தை இழந்து அழுக்கு மஞ்சளாக இருந்ததையும் எழுதினார். நோயின் பிறப்பிடம் மஜ்ஜை என்னும் எண்ணம் அவரிடமிருந்தே வந்தது.

நம் மாணவர்களுக்கு எலும்பு என்றால் உடலைத் தாங்கும் தூண் என்று கற்பிக்கிறோம். அது ஒரு தொழிற்சாலையும் கூட. நலமான பெரியவர் ஒருவரின் மஜ்ஜை வினாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. இவ்வளவு வேலை நடக்கும் இடத்தில் உணவும், காவலும், கட்டளைகளும் நிறைந்திருக்கும் அல்லவா? நோயணு அவை அனைத்தையும் தனக்காக்கிக் கொள்வதே நாம் பார்க்கப்போகும் கதை.

திருவல்லிக்கேணியிலிருந்து போஸ்டன் வரை

இந்நோயை எதிர்த்த முதல் பயனுள்ள மருந்துகளின் கதையில் நம் சென்னைக்குப் பங்குண்டு என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1928இல் இங்கிலாந்து மருத்துவர் லூசி வில்ஸ் அம்மையார் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான சோகை அவரை ஈர்த்தது. குன்னூரிலும் பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்த மகளிர் மருத்துவமனையிலும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். நொதிச்சாறான மார்மைட் கொடுத்தால் அச்சோகை தீர்கிறது என்று 1931இல் வெளியிட்டார். மார்மைட்டில் இருந்த அந்தப் பொருளே பிற்காலத்தில் ‘ஃபோலிக் அமிலம்’ எனப் பெயர் பெற்றது. புதிய உயிரணுக்கள் பிறக்க இன்றியமையாத உயிர்ச்சத்து அது.

அதே திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தி வகுப்புக்குச் சென்றமையால், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிட்டியது. உடன்பிறந்தார் இருவரை ‘ஸ்புரூ’ என்னும் வெப்பமண்டலக் குடல்நோய்க்குச் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தவர். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் ஆய்வு செய்து, 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் தலைமையிலான குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. ஸ்புரூ நோய்க்கே பயன்படும் மருந்து அது! அண்ணன் தம்பியரைக் காக்க முடியாத மருந்து, அவர் கையாலேயே உலகுக்குக் கிடைத்தது.

போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், ஃபோலிக் அமிலச் சேர்மங்கள் இரத்தப் புற்றுநோயை வேகப்படுத்துகின்றன என்று கண்டார். அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் நோயணு பட்டினியால் வாடுமன்றோ? சுப்பாராவின் குழு அத்தகைய ‘போலி ஃபோலிக்’ பொருள்களை ஆக்கித் தந்தது. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். அதன் உடன்பிறப்பே இன்றளவும் நம் குழந்தைகள் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட்.

எழுந்தார்கள், மீண்டும் விழுந்தார்கள்

1947 டிசம்பர் இறுதியில் முதல் குழந்தைக்கு அமினோப்டெரின் செலுத்தப்பட்டது. 1948 ஜூன் மாதம் ஃபார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அதுவரை வாரங்களிலோ மாதங்களிலோ முடிந்துபோன நோயில் அது பெரும் வியப்பு.

ஆனால், அத்தணிவு நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. முன்னர் நோயை விரட்டிய அதே மருந்து இம்முறை பயன் தரவில்லை. கட்டுரை வெளியான இரண்டே மாதங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தம் 53ஆம் வயதில் காலமானார். தம் மருந்து நோயை ஏன் முற்றாக வெல்லவில்லை என்னும் கேள்விக்கு விடை காண அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.

அக்கேள்விக்கு முதல் விடை ஓர் எளிய கணக்கு. அலபாமாவைச் சேர்ந்த ஹோவர்ட் ஸ்கிப்பர் 1960களில் எலிகளைக் கொண்டு அதனைக் காட்டினார். மருந்து ஒவ்வொரு முறையும் நோயணுக்களில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டையே கொல்கிறது. நோய் கண்டறியப்படும்போது ஒரு குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை மருந்து கொன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி எவ்வளவு? ஆயிரம் கோடி! நுண்ணோக்கிக்கு அவை நலமான அணுக்களின் கூட்டத்தில் தென்படா. “ஒன்றுமில்லை” என்று மருத்துவர் சொன்னதன் பொருள் “கண்ணுக்குத் தெரியவில்லை” என்பதே.

எனவே ஒரே மருந்தன்று, பல மருந்துகளைச் சேர்த்து, நெடுநாள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் கற்றது. 1950களில் 6-மெர்காப்டோபியூரின் வந்தது. மெத்தோட்ரெக்சேட்டும் அதுவும் இன்றும் நீண்டகாலப் பராமரிப்புச் சிகிச்சையின் இரு தூண்கள்.

முதல் மறைவிடம்

மருந்துகள் பெருகியபின் புதிய புதிர் ஒன்று எழுந்தது. இரத்தமும் மஜ்ஜையும் தூய்மையாக இருக்கும்போதே, மூளையைச் சூழ்ந்த சவ்வில் நோய் தலைகாட்டியது. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள இயற்கைத் தடுப்பு பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. நோயணு அந்தத் தடுப்பின் பின்னே பதுங்கியிருந்தது.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் இதற்கு வழி கண்டார். மூளைக்குக் கதிர்வீச்சும், முதுகுத்தண்டு நீரில் நேரடியாக மருந்தும் கொடுத்தார். 1960களின் இறுதியில் அவர் மேற்கொண்ட சிகிச்சையில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் நிலையாக நலம் பெற்றனர். (பிற்காலத்தில் கதிர்வீச்சின் தீமைகள் தெரியவந்தபின், பெரும்பாலான குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு ஊசி மருந்தே போதும் என்று ஆயிற்று. முதுகில் ஊசி போடுவது எதற்கு என்று கலங்கும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்க.)

இங்கே நாம் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்த நோயணு பிற நோயணுக்களைவிட வலியது என்பதில்லை. அது நின்ற இடம் வலியது.

திருவள்ளுவர் ஐம்பதாம் அதிகாரத்துக்கு ‘இடனறிதல்’ என்று பெயர் வைத்தார். ஆழ்நீரில் முதலைக்கு இருக்கும் வலிமை கரையில் இல்லை என்பதை அவ்வதிகாரத்தில் நம் மாணவர்கள் படிக்கிறார்கள். புற்றுநோய் ஆய்வாளர்கள் இந்த உண்மையை மஜ்ஜைக்குப் பொருத்திப் பார்க்க மேலும் சில பத்தாண்டுகள் ஆயின.

விதையா, மண்ணா?

1889இலேயே ஸ்டீஃபன் பேஜட் என்னும் இலண்டன் மருத்துவர், புற்றுநோய் பரவுவதை விதைக்கும் மண்ணுக்கும் ஒப்பிட்டிருந்தார். விதை எங்கும் விழும். ஏற்ற மண்ணில் மட்டுமே முளைக்கும் என்பது அவர் கருத்து. ஆயினும் இரத்தப் புற்றுநோயில் நெடுங்காலம் விதையைப் பற்றிய ஆராய்ச்சியே ஓங்கி நின்றது. அது தவறன்று. நோயணுவின் மரபணு மாறுவதால் மருந்து பயனற்றுப் போவது மெய்யே.

மண்ணின் பக்கம் பார்வையைத் திருப்பியவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து ஆய்வாளர்கள். 1977இல் மைக்கேல் டெக்ஸ்டர், இரத்தத்தைப் பிறப்பிக்கும் மூலவுயிரணுக்களை உடலுக்கு வெளியே மாதக்கணக்கில் வாழவைத்தார். அடியில் மஜ்ஜையின் துணையணுக்களை ஒரு பாய் போல் வளரவிட்டு, அதன்மேல் மூலவுயிரணுக்களை இட்டதே அவர் கையாண்ட வழி. அடுத்த ஆண்டு, அதே நகரின் ரே ஷோஃபீல்ட், மூலவுயிரணு மூலவுயிரணுவாகவே நீடிப்பது அது குடியிருக்கும் ‘மாடத்தால்’ என்று எழுதினார். சுவரில் விளக்கு வைக்கும் மாடத்தை எண்ணிப் பாருங்கள். காற்றடித்தாலும் விளக்கு அணையாமல் மாடம் காக்கிறது.

நலமான அணுவைக் காக்கும் மாடம் நோயணுவையும் காக்குமா? 1992இல் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டாரியோ கம்பானாவும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்கு விடை தந்தனர். குழந்தைகளின் நோயணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் தனியே விட்டால் விரைவில் மடிந்தன. மஜ்ஜையின் துணையணுக்கள்மீது விட்டால் உயிரோடிருந்தன. உடலில் ஆட்டம்போடும் நோயணு, தன் இடத்தைவிட்டு வெளியே வந்தால் தானே சாகிறது! முதலை கரைக்கு வந்த கதைதான்.

மஜ்ஜை எவ்வாறு காக்கிறது?

கடந்த முப்பது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கண்டறிந்த வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, அழைப்பு. மஜ்ஜையின் துணையணுக்கள் ‘சி.எக்ஸ்.சி.எல்.12’ என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. பெரட்டுக்கு மணியடித்தால் தோட்டத்தார் கூடுவதுபோல், அதனை உணரும் அணுக்கள் மஜ்ஜைக்குத் திரும்புகின்றன. இயல்பில் இது நலமான அணுக்களுக்கான அழைப்பு. நோயணுவுக்கும் அதே காது இருப்பதால் அதுவும் வந்து சேர்கிறது.

இரண்டாவது, பற்று. வந்த அணு துணையணுக்களையும் அவற்றைச் சூழ்ந்த இழைகளையும் பற்றிக்கொள்கிறது. அவ்வாறு பற்றியவுடன் “சாகாதே” என்னும் கட்டளை அதனுள் பிறக்கிறது. அமெரிக்காவின் டாம்பா நகரில் 1999இல் மஜ்ஜையில் வளரும் மற்றொரு புற்றுநோயில் இதனைக் காட்டினர். 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெரியவர்களின் இரத்தப் புற்றுநோயிலும் இதனைக் கண்டனர்.

மூன்றாவது, உறக்கம். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் பிளந்து பெருகும் அணுக்களையே தாக்குகின்றன. மஜ்ஜையில் உயிர்வளி குறைந்த ஒதுக்கிடங்கள் உண்டு. அங்கே சில அணுக்கள் பெருகாமல் உறங்குகின்றன. உறங்கும் அணுவை அம்மருந்து தீண்டுவதில்லை. 2007இல் ஜப்பானில் மனித நோயணுக்களை எலிகளில் வளர்த்துப் பார்த்தபோது, எலும்பின் உட்சுவரை ஒட்டி ஒதுங்கிய நோயணுக்களே மருந்துக்குத் தப்பின.

நான்காவது, உணவு. குழந்தைகளின் நோயணுக்கள் ‘அஸ்பராஜின்’ என்னும் சத்தைத் தமக்குப் போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாதவை. இரத்தத்திலிருந்து வாங்கிப் பிழைப்பவை. அஸ்பராஜினேஸ் என்னும் ஊசி மருந்து இரத்தத்திலுள்ள அச்சத்தை அழித்து அவற்றைப் பட்டினி போடுகிறது. ஆனால், மஜ்ஜையின் துணையணுக்கள் அச்சத்தைத் தாமே ஆக்கி, அருகிலிருக்கும் நோயணுவுக்கு ஊட்டக்கூடும் என்று கம்பானாவின் குழு 2007இல் ஆய்வுக்கூடத்தில் காட்டியது. ஊரெங்கும் கடையடைத்தாலும், அடுத்த வீட்டார் கொல்லைப்புறமாகச் சோறு கொடுத்தால் பட்டினி ஏது?

ஐந்தாவது, ஆற்றல். அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவையே துணையணுக்கள் நோயணுவுக்குக் கைமாற்றுகின்றன என்று 2016, 2017ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் கூறின. இது பெரியவர்களுக்கு மிகுதியாக வரும் வகையில் காணப்பட்டது.

இவற்றோடு நோயணுவும் சும்மா இருப்பதில்லை. தன் சுரப்புகளால் மஜ்ஜையின் தன்மையை மெல்ல மாற்றி, தனக்கு வாழ்விடமாகவும் நலமான அணுக்களுக்குப் பாழிடமாகவும் ஆக்கிக்கொள்கிறது. நோயுற்ற குழந்தைக்குச் சோகையும் இரத்தக் கசிவும் காய்ச்சலும் வருவதற்கு, நலமான அணுக்கள் தம் இடத்தை இழந்ததும் ஒரு காரணம்.

2016இல் ஜெர்மனியின் மூனிக் நகரிலிருந்து வந்த ஆய்வு என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. எலியின் மஜ்ஜையில் உறங்கி மருந்துக்குத் தப்பிய நோயணுக்களை அவ்விடத்தைவிட்டு வெளியே எடுத்தார்கள். அவை விழித்துப் பெருகத் தொடங்கின. மருந்துக்கும் மீண்டும் பணிந்தன. அவற்றின் எதிர்ப்பு பிறவிக் குணமாக இருந்திருந்தால் எங்கே வைத்தாலும் எதிர்த்திருக்கும். இடம் தந்த வலிமை, இடம் போனபோது போயிற்று.

அப்படியானால் நோயணுவை மாடத்திலிருந்து வெளியேற்றிக் கொல்லலாமே என்று நம் மாணவர்களே கேட்பார்கள். மருத்துவர்களும் அதைத்தான் எண்ணினர். மஜ்ஜையின் அழைப்பை மறைக்கும் பிளெரிக்சஃபோர் என்னும் மருந்து, மூலவுயிரணுக்களை இரத்தத்துக்குக் கொணர 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனைப் புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த தொடக்க ஆய்வு 2012இல் நம்பிக்கை தந்தது. ஆயினும் அது வழக்கமான சிகிச்சையாக வளரவில்லை. நோயணுவின் பற்றைத் தளர்த்தும் உப்ரோலெசெலான் என்னும் மருந்தின் பெரிய ஆய்வு 2024இல் எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. நலமான அணுக்களும் அதே மாடத்தில்தான் குடியிருக்கின்றன. நோயணு ஒரு வழியை அடைத்தால் மறு வழி தேடுகிறது. ஆகவே இவ்வேலை எளிதன்று.

நம் நாட்டுக் கதை

மறைந்திருப்பதை வெளியேற்ற முடியாவிட்டாலும் எண்ணிப் பார்க்கலாம். பத்தாயிரம் அணுக்களுக்கு நடுவே ஒரு நோயணு இருந்தாலும் கண்டுபிடிக்கும் முறைகள் 1990களில் தேர்ச்சி பெற்றன. இதற்கு ‘எஞ்சிய நுண்நோய்’ அளவீடு என்று பெயர் சொல்லலாம். இம்முறையை வளர்த்தவர்களுள் ஒருவர் மேலே சொன்ன அதே டாரியோ கம்பானா. அவர் பின்னர்ச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.

இந்த அளவீட்டை அடிப்படையாகக் கொண்டு, மலேசியாவும் சிங்கப்பூரும் இணைந்து நடத்திய ஆய்வு ‘மா-ஸ்போர் 2003’. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் ஹனி அரிஃபின், சிங்கப்பூரின் ஏலன் யோ ஆகியோர் இதில் முன்னின்றனர். தொடக்கச் சிகிச்சையின் முடிவிலும், பின்னர் 12ஆம் வாரத்திலும் மஜ்ஜையை எடுத்து எஞ்சிய நோயை அளந்தனர். மிகக் குறைவாக எஞ்சிய குழந்தைகளுக்கு மருந்தின் கடுமையைக் குறைத்தனர். மிகுதியாக எஞ்சியவர்களுக்குக் கூட்டினர். 2002 முதல் 2011 வரை 500க்கும் மேற்பட்ட குழந்தைகள் இதில் சேர்ந்தனர். 2012இல் வெளியான முடிவின்படி, ஆறாண்டு அளவில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் நோய் திரும்புதல் போன்ற இடர் ஏதுமின்றி இருந்தனர். 1948இல் சில மாதத் தணிவையே வியப்பென்று கொண்டாடிய உலகம், நம் மண்ணில் இந்த அளவுக்கு வந்திருக்கிறது!

தமிழகத்திலும் இத்தகைய கூட்டு முயற்சி நடந்தது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பம்பாய், டில்லி மருத்துவமனைகளோடு சேர்ந்து 1980களில் குழந்தைகளுக்கான ஒரே ஒழுங்கான சிகிச்சைமுறையைக் கைக்கொண்டது. புதுமருந்து எதுவும் கண்டுபிடிக்காமலே, இருந்த மருந்துகளை ஒழுங்காக, முழுமையாகக் கொடுத்ததால் பிழைத்தவர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. பாதியில் சிகிச்சையைக் கைவிட்டுப் போன குடும்பங்களே அங்கெல்லாம் மருத்துவர்களின் பெருங்கவலை.

பராமரிப்புச் சிகிச்சைக்கு இவ்வளவு காலம் என்று ஒருநாளில் யாரும் முடிவு செய்யவில்லை. காலத்தைக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளில் நோய் திரும்புவது கூடியது. மாடத்தில் உறங்குபவை எப்போது விழிக்கும் என்று சொல்ல முடியாது. விழிக்கும் நாளில் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். வாரந்தோறும் மெத்தோட்ரெக்சேட்டும் நாள்தோறும் மெர்காப்டோபியூரினும் வாசலில் நிற்கும் காவலர்கள்.

பாட்டியின் விடை

இவற்றையெல்லாம் படித்து முடித்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பைராம் தோட்டத்துக்குச் சென்றேன். பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் தம் இளமையில் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். முதுகில் தோம்பு சுமந்து லாலான் புல்லுக்கு மருந்தடித்தவர். அதனால் அவரிடமே கேட்டேன்:

“பாட்டி, லாலானுக்கு ஒருமுறை மருந்தடித்தால் போதுமா?”

“எங்க போதும்? மேல இருக்கற தழை மூணு நாள்ல கருகிடும். துரை வந்து பாத்துட்டுச் சுத்தமாயிருச்சின்னு போயிருவாரு. வேரு மண்ணுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். மழை வந்தா மறுபடியும் மொளைக்கும். மறுபடியும் அடிக்கணும். விடாம அடிக்கணும்.”

சொல்லிவிட்டு அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாமே கேட்டார்: “அப்ப புள்ள எலும்புக்குள்ள வேரு இருக்கலாம்னு சொல்றீங்க?”

“இருக்கலாம், பாட்டி. இல்லாமலும் போகலாம். கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இரண்டு ஆண்டு.”

நான் பல நாள் படித்து அறிந்ததை, அவர் தம் தொழிலிலிருந்து ஒரே நொடியில் அறிந்துகொண்டார். அதன்பின் சிகிச்சையை நிறுத்தும் பேச்சு அவ்வீட்டில் எழவில்லை. அக்குழந்தை மருந்துகளை முழுமையாக முடித்தாள். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். பரிசோதனைக்கு மட்டும் சென்று வருகிறாள்.

நமக்குரிய கடமைகள்

வரலாறு படித்தால் மட்டும் போதாது; அதன்படி செய்யவும் வேண்டும். ஆதலால் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சில சொற்கள்.

குழந்தை நன்றாக ஓடியாடுகிறது என்பதற்காக மருத்துவரைக் கேளாமல் ஒருவேளை மருந்தையும் நிறுத்தாதீர்கள். வேறு நாட்டு மருந்தோ மூலிகையோ கொடுக்க எண்ணினால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில பொருள்கள் சிகிச்சை மருந்தோடு மோதும்.

பயண இடர், வேலை இழப்பு, பணமுடை ஆகியவற்றால் மருத்துவமனைக்குச் செல்ல முடியாவிட்டால் அதனை மறைக்காதீர்கள். மருத்துவமனையின் சமூகநலப் பிரிவிடமும் பள்ளியிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் இழிவில்லை.

ஆசிரியர்களே, இந்நோய் தொற்றாது என்பதை வகுப்பில் எடுத்துச் சொல்லுங்கள். முடி கொட்டிய குழந்தையைப் பிறர் கேலி செய்ய விடாதீர்கள். சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் குறைவு. வகுப்பில் யாருக்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால், அன்றே அக்குழந்தையின் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். அது உயிர்காக்கும் செய்தி. நீண்ட நாள் மருத்துவமனையில் தங்குவோருக்குக் கல்வி அமைச்சு 2011இல் தொடங்கிய மருத்துவமனைப் பள்ளித் திட்டத்தைப் பற்றி விசாரித்துச் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்தை அனுப்பிவையுங்கள். “நீ வருவாய், உன் நாற்காலி இருக்கிறது” என்னும் நம்பிக்கை அந்தப் பாடத்தாளோடு சேர்ந்து போகும்.

திருவல்லிக்கேணியில் படித்த ஒருவர் ஆக்கித் தந்த மருந்தின் வழிவந்ததை, பைராம் தோட்டத்துக் குழந்தை வாரந்தோறும் விழுங்கினாள். இடையில் 70 ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. பிழைக்காமற் போன எத்தனையோ குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்ற பாடத்தைப் பாதியில் விட்டுவிடக் கூடாது. தழை கருகியது கண்டு வேரை மறவாதிருப்போம்.